மூக்கடைத்த வண்டி

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். வண்டிக்கு நோய் வந்தால் மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். ஆனால் வண்டிக்கு வரும் நோய்களில் ஒன்று மட்டும் விந்தையானது. அது வந்தால் வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் போவதில்லை. பெட்ரோல் பங்கில் நிற்கும் ஊழியரோடு சண்டைக்குப் போகிறார்.

அந்த நோய் கண்ட வண்டி நன்றாகவே ஓடும். இன்ஜினில் சத்தம் இராது, புகை இராது. பெட்ரோல் போடும்போது மட்டும் 'டக்' என்று நிற்கும். மறுபடி அழுத்தினால் கால் லிட்டர் போகும்; மீண்டும் 'டக்'. டேங்க் முக்கால் பங்கு காலியாக இருக்கும். ஆனால் நிரம்பிவிட்டதுபோல் வழிந்து காட்டும். இச்சிறு கோளாறைப் பற்றியும், இதனால் ஓர் ஏழைப் பெண்ணின் வேலைக்கு வந்த ஆபத்தைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை சேலம் சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்கில் நான் வேலை பார்க்கிறேன். நம் கல்லூரியில் இவ்வாறு மாலையில் வேலைக்குச் சென்று மறுநாள் காலை வகுப்பில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்போர் பலர். ஆகவே இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் படித்த ஒன்று கண்ணெதிரே வேலை செய்வதைக் காணும் வாய்ப்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது.

"ஜீரோ பார்த்துக்குங்க"

எங்கள் பங்கில் எனக்கு மூத்த ஊழியர் ஓர் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சேலையின் மேல் சீருடைச் சட்டை அணிந்து, எந்த வண்டி வந்தாலும் முகம் மலர்ந்து, "ஜீரோ பார்த்துக்குங்க" என்று சொன்ன பிறகே கன்னைத் தூக்குவார். அவர் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படிக்கிறாள்.

வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் எங்களிடம் வருவார். கடனில் வாங்கிய பழைய பெட்ரோல் கார். அவர் வண்டிக்குத்தான் நான் சொன்ன நோய். ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட மற்ற வண்டிகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அக்கா கன்னை இரண்டு விரற்கடை வெளியே இழுத்து, மெல்ல மெல்ல விட்டுப் பார்ப்பார். சில வேளை பெட்ரோல் பொங்கி அவர் சேலையிலேயே தெறிக்கும்.

ஒரு நாள் மாலை, ரயிலுக்குப் போகும் குடும்பம் ஒன்று காரில் அமர்ந்திருந்தது. கன் ஏழெட்டு முறை நின்றது. அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"விட்டு விட்டு அடிச்சா அளவு குறையும்னு எனக்குத் தெரியாதா? வாட்ஸ்அப்புல வீடியோவே வந்திருக்கு! நீ கையை எடுத்து எடுத்துப் போடுறியா?"

"இல்லைங்கண்ணா. நான் கையை எடுக்கவே இல்லை. அதுவாத்தான் நிக்குது."

"அதுவா நிக்குமா? மத்த வண்டிக்கெல்லாம் நிக்கலியே?"

கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் வந்தார். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு அக்காவிடம், "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா நீங்க வேற இடம் பார்த்துக்கணும்மா" என்றார். அன்று இரவு கணக்கு முடிக்கும்வரை அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"மற்ற வண்டிக்கெல்லாம் நிற்கவில்லையே" என்று அந்த அண்ணன் கேட்டார் அல்லவா? கோபத்தில் கேட்ட அக்கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. அதே கன், அதே கை, அதே பெட்ரோல். மாறியது வண்டி ஒன்றுதான். ஆனால் கோபம் கொண்டவர் காதில் தர்க்கம் ஏறாது. கண்ணால் காட்டினால்தான் ஏறும்.

கன்னுக்கு என்ன தெரியும்?

டேங்க் நிரம்பியதும் கன் தானே நின்றுவிடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். உள்ளே ஏதோ மின்சாரக் கருவி இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படி எதுவும் இல்லை. அதில் இருப்பது நாம் வகுப்பில் படித்த வெஞ்சுரி தத்துவமே.

பாயும் திரவம் குறுகிய வழியில் வேகமாகச் செல்லும். அவ்விடத்தில் அதன் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படையை விளக்கினார். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797-இல் குறுகிய குழாய்களில் நீர் பாய்வதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அதே வெஞ்சுரிதான்.

கன்னின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. அத்துளையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கைப்பிடியில் உள்ள சிறு அறைக்குச் செல்கிறது. பெட்ரோல் பாயும்போது ஏற்படும் குறைந்த அழுத்தம் அத்துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று வரும்வரை தொல்லை இல்லை. டேங்க் நிரம்பிப் பெட்ரோல் மேலே வந்து அத்துளையை மூடிவிட்டால் காற்று வருவது நிற்கும். உடனே அறைக்குள் அழுத்தம் தாழும். அங்குள்ள மெல்லிய சவ்வு இழுபடும். பிடித்திருந்த கொக்கி விடுபடும். 'டக்' என்று அடைப்பு விழும்.

ஆகவே டேங்க் நிரம்பியதா இல்லையா என்பது கன்னுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: தன் மூக்கைப் பெட்ரோல் தொட்டதா இல்லையா என்பது. டேங்க் காலியாக இருக்கும்போதே, வாய்க்குழாயில் பெட்ரோல் தேங்கி மேலே எழுந்து மூக்கைத் தொட்டுவிட்டாலும் கன் நின்றுவிடும்.

அளந்து பார்த்தோம்

சந்தேகப்படுவோர் எல்லாரும் அறியாதவர் என்று சொல்ல மாட்டேன். 2017-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் காவல் துறையினர் சோதனையிட்டபோது, சில பங்குகளின் இயந்திரங்களுக்குள் அளவைக் குறைக்கும் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தது வெளியானது. எனவே சந்தேகம் கொள்வது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் வழியும் பங்கிலேயே உண்டு. எடையளவுத் துறையின் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டரில் 25 மில்லி லிட்டர் வரையான வேறுபாடே ஏற்கத்தக்கது.

மூன்று நாள் கழித்து அந்த அண்ணன் மீண்டும் வந்தார். மேனேஜரின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, "அண்ணா, இன்னைக்கு அளந்தே பார்த்துடலாம். எத்தனை தடவை நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் "நிறுத்து" என்னும்போதெல்லாம் நிறுத்தி, "விடு" என்னும்போதெல்லாம் விட்டேன். ஆறு முறை நிறுத்தினோம். காட்சித் திரையில் ஐந்து லிட்டர் வந்தபோது கலத்தில் பெட்ரோல் கோட்டைத் தொட்டு நின்றது. அளவு எடுக்கும் மீட்டர் கன்னில் இல்லை, இயந்திரத்தின் உள்ளே இருக்கிறது. நின்று நின்று போனாலும் போனது போனதே கணக்கு என்பதை அவர் கண்ணாலேயே கண்டார்.

அதற்கு மேல் நடந்ததுதான் முக்கியம். அளந்த பெட்ரோலையே தம் வண்டியில் ஊற்றிவிடும்படி அவர் சொன்னார். அக்கா புனலை வைத்து ஊற்றத் தொடங்கினார். பெட்ரோல் உள்ளே இறங்கவில்லை. புனலில் தேங்கி நின்று, 'களக் களக்' என்று குமிழி விட்டு, கொஞ்சம் இறங்கி, மறுபடி தேங்கியது. இப்போது இயந்திரமும் இல்லை, கன்னும் இல்லை. வண்டியும் பெட்ரோலும் மட்டுமே இருந்தன. அண்ணன் மௌனமானார்.

அப்போது அக்கா ஒரு வார்த்தை சொன்னார். "ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறப்போ புனல் கேன் வாயில ஒட்டிக்கிட்டா இப்படித்தான் இறங்காது. புனலை லேசாத் தூக்குவாங்க, காத்து வெளிய வரும், சர்ருனு இறங்கும். இந்த வண்டிக்கு வாயில ஊத்துறோம். மூக்கு எங்கேயோ அடைச்சிருக்குங்கண்ணா."

நண்பர்களே, மூன்று ஆண்டு இயற்பியல் படித்த நான் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. டேங்க் காலியாக இருக்கிறது என்கிறோம். உண்மையில் அது காலியாக இல்லை. காற்றும் பெட்ரோல் ஆவியும் நிரம்பியிருக்கிறது. பத்து லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் பத்து லிட்டர் காற்று வெளியே வர வேண்டும். நிமிடத்துக்கு முப்பது லிட்டர் வேகத்தில் விட்டால், நொடிக்கு அரை லிட்டர் காற்று வெளியேற வழி வேண்டும். அதற்காகவே டேங்கிலிருந்து வாய்க்குழாயின் மேற்பகுதி வரை மெல்லிய குழாய் ஒன்று இணையாகச் செல்கிறது. மெக்கானிக்குகள் அதைப் பிரீதர் என்பார்கள். அதுவே வண்டியின் மூக்கு.

எப்போதிருந்து?

மருந்தைப் பற்றிப் பாட வந்த வள்ளுவரும், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறார். அந்த முறைப்படி அண்ணனிடம், "இது எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து இல்லையாம். டேங்க் துருப்பிடித்து ஒழுகியதால் சித்திரையில் இறக்கினார்களாம். உதிரிப்பாகத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்து ஆனியில்தான் மாட்டினார்களாம். அதன் பிறகே இந்தத் தொல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகைகூட இல்லை. நாங்கள் சொன்னதைக் கேட்ட பெரியவர் முதலில் எங்களை அருகில் இருந்த டீக்கடை அடுப்புக்கு எட்டாத தூரத்துக்கு வண்டியைத் தள்ளச் சொன்னார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போய் எட்ட இருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். படிக்காத அவருக்கு அது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

வண்டியைக் குளிரவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரீதர் ஹோஸை முதலில் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் மடங்கவில்லை, நசுங்கவில்லை. ஹோஸைக் கழற்றிக் காற்றை விட்டார், ஹோஸில் தடையில்லை. அடுத்து அதனோடு இணையும் இரும்புக் குழாயைக் கழற்றினார். காற்று மறுபுறம் வரவில்லை. மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தார். பொலபொலவென்று செம்மண் கொட்டியது. மண்ணோடு காய்ந்துபோன சிலந்திகள் நாலைந்து விழுந்தன.

"குளவி!" என்று சிரித்தார் பெரியவர்.

டேங்கை இறக்கியிருந்த இரண்டு மாதமும் அந்தக் குழாய் மூடப்படாமல் கிடந்திருக்கிறது. மண்கூடு கட்டும் குளவிக்குச் சிறு துளை போதாதா? 'கொட்டக் கொட்டக் குளவி' என்று, புழுவைக் கொட்டியே குளவி தன் இனமாக்கிவிடும் என நம் முன்னோர் நம்பினர். உண்மையில் அது சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடுகிறது. பிறக்கும் குஞ்சுக்கு அச்சிலந்தியே உணவு. தன் பிள்ளைக்குச் சோறு வைத்த ஒரு குளவியால் இன்னொரு தாயின் சோற்றுக்கு வேட்டு வர இருந்தது!

கூலியாகப் பெரியவர் 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று மாலை அண்ணன் பங்குக்கு வந்தார். அக்காவின் வரிசையிலேயே நின்றார். "டேங்கை நிரப்பும்மா" என்றார். கன் ஒரு முறைகூட நடுவில் நிற்கவில்லை. நிரம்பிய பிறகே 'டக்' என்றது. அவர் நேரே மேனேஜரின் அறைக்குச் சென்று, "அந்தம்மா மேல தப்பில்லைங்க. கோளாறு என் வண்டியிலதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தின் முன் பழித்தவர் தனியறையில் திருத்தினார் என்று எனக்குச் சிறு குறை உண்டு. ஆனால் அக்காவுக்கு அக்குறை இல்லை. வேலை நிலைத்தது; அது போதும் என்றார்.

குளவியும் சிலந்தியும் செய்த வேலை

இது ஏதோ நம் ஊர் விந்தை என்று எண்ண வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. காரணம், பெட்ரோல் ஆவிக்கான காற்றுக் குழாயில் ஒரு வகைச் சிலந்தி வலை பின்னியதே. 2014-இலும் அதே சிலந்திக்காக மீண்டும் சுமார் 42,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் ஒன்று அடைபட்டதால் தவறான வேகம் காட்டியதே விபத்தின் தொடக்கம் என்றும், மூடாமல் விட்ட அக்குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என்றும் விசாரணையில் கருதப்பட்டது. விரல் நுழையாத துளைதானே என்று எதையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

இந்நோய் கண்டால் முதலில் வேறு இரண்டு பங்குகளில் போட்டுப் பார்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் நின்றால் அங்குள்ள கன்னைச் சந்தேகிக்கலாம். எல்லா இடத்திலும் நின்றால் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். கன்னைச் சற்றே திருப்பிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து விட்டால் அப்போதைக்குச் சமாளிக்கலாம். ஆனால் அது மருந்தாகாது. பிறகு பிரீதர் ஹோஸ் மடங்கியுள்ளதா, டிங்கரிங் வேலையில் நசுங்கியுள்ளதா, அடைபட்டுள்ளதா என்று மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கலாம்.

பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் தடுக்கக் கார்களில் கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்றை வைக்கிறார்கள். அது ஆவியைப் பிடித்து வைத்து, இன்ஜின் ஓடும்போது எரிவதற்குக் கொடுக்கும். அமெரிக்காவில் 1998 மாடல் கார்களிலிருந்து படிப்படியாக, பெட்ரோல் நிரப்பும்போது வெளிவரும் ஆவியும் இந்த டப்பாவுக்கே போகும்படி செய்தனர். அத்தகைய வண்டிகளில் டப்பாவோ அதன் காற்று வழியோ அடைபட்டாலும் இதே நோய்தான். கன் நின்ற பிறகும் "ரவுண்டா போடுப்பா" என்று சொல்லி மேலும் மேலும் நிரப்பினால், ஆவி போக வேண்டிய டப்பாவுக்குப் பெட்ரோலே போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். ஆகையால் முதல் 'டக்' ஒலியோடு போதும் என்று சொல்லப் பழகுவோம்.

நிற்க. நாம் படிக்கும் அறிவியல் எதற்கு என்ற கேள்வி தேர்வுக் காலத்தில் நம் எல்லோருக்கும் வரும். மதிப்பெண்ணுக்கு என்பார் சிலர். வேலைக்கு என்பார் சிலர். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒரு கோளாறு நேர்ந்தால், அருகில் நிற்கும் எளியவர் தலையில் பழியைச் சுமத்துவது உலக வழக்கமாக இருக்கிறது. பஸ் தாமதமானால் கண்டக்டர், மின்சாரம் நின்றால் லைன்மேன், கன் நின்றால் பங்க் ஊழியர். உண்மையான காரணமோ யாரும் பார்க்காத ஓர் இருட்டுக் குழாயில் மண்ணாக உறைந்து கிடக்கும். அதை அளந்தும் கேட்டும் தேடிக் கண்டுபிடித்து, பழி சுமந்தவரை விடுவிப்பதற்கும் நம் படிப்பு உதவும் என்பதை நான் வகுப்பறையில் பாதியும் பங்கில் பாதியுமாகக் கற்றேன்.

எனவே, அடுத்த முறை உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது கன் 'டக்' என்று நின்றால், ஊழியரின் முகத்தை முறைக்குமுன் வண்டியின் மூக்கைப் பாருங்கள்.